மடியில் உட்கார்ந்து கேட்ட கதை: குழந்தைகளின் வாசிப்பு பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். ஆறு வருடமாக நடக்கிறது. மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். மழை வந்தால் மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொள்வோம். அவர்களுக்கு நான் 'கதை அத்தை'. கதை முடிந்து எல்லோரும் செருப்பு தேடும் நேரத்தில் பெற்றோர் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஆசிரியை கிடையாது, மருத்துவரும் கிடையாது. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள், அவ்வளவுதான்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? பள்ளியில் சேர்த்த பிறகு போதாதா?

அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். பிறந்த குழந்தைக்கு ஓர் அடிக்குள் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் படுத்திருக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம் அது. புத்தகத்தையும் அங்கேதான் பிடிக்கப் போகிறீர்கள். கறுப்பு வெள்ளையில் பெரிய படமாக இருந்தால் கண் அதில் நிற்கும். குழந்தை பிறந்ததிலிருந்தே சத்தமாக வாசித்துக் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014இல் தன் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1992இலேயே கைக்குழந்தைகளுக்குப் புத்தகப் பை கொடுக்கும் 'புக்ஸ்டார்ட்' திட்டம் ஆரம்பமாகிவிட்டது. நமக்கும் இது புதிதில்லை. தாலாட்டும் சாய்ந்தாடுவதும் கைவீசுவதும் இதே வேலையைத்தான் செய்தன. இப்போது கையில் ஒரு புத்தகமும் சேர்கிறது.

"அஞ்சு வயசாயிடுச்சே, விட்டுட்டோமே" என்பவர்களிடம் நான் சொல்வது: இன்று ராத்திரி ஆரம்பியுங்கள்.

புத்தகத்தைக் கடிக்கிறாள், கிழிக்கிறாள். கையில் கொடுக்கலாமா?

கொடுங்கள். ஒரு வயதுக் குழந்தை எதையும் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். கனமான அட்டைப் புத்தகங்கள் இதற்காகவே வருகின்றன. கிழிந்தால் செலோடேப் ஒட்டுங்கள், அவளையும் கூட உட்கார வைத்துக்கொண்டு. என் வீட்டில் ஒரு யானைப் புத்தகத்தில் யானையைவிட டேப்தான் அதிகம்.

இன்னொன்று. புத்தகத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடு நம்முடையது. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த மரியாதையிலேயே புத்தகத்தைக் கண்ணாடி ஷோகேஸில் வைத்துப் பூட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. குழந்தையின் கை எட்டும் உயரத்தில், முன்னட்டை தெரியும்படி நாலே நாலு புத்தகம் இருந்தால் போதும். பழைய பழக்கூடை ஒன்று இதற்கு ரொம்ப வசதி.

கதைப் புத்தகத்தின் தமிழ் என் மகனுக்குப் புரியவில்லை. பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லலாமா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. தமிழ்க் குழந்தையின் வாசிப்பில் பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

வீட்டில் நாம் 'போனான்' என்கிறோம், புத்தகம் 'சென்றான்' என்கிறது. 'வந்துச்சு' அங்கே 'வந்தது' ஆகிவிடுகிறது. 'இல்லாட்டி' என்று யாரும் அச்சடிப்பதில்லை. மூன்று வயதுப் பிள்ளை 'எனினும்' என்ற சொல்லை யார் வாயிலிருந்து கேட்டிருக்கும்? பள்ளிக்குப் போனதும் எழுத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும், காதில் விழாத ஒரு தமிழையும் சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு மலையை ஒரே நேரத்தில் ஏறச் சொல்கிறோம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். புத்தகத்தில் 'நரி ஒன்று பசியோடு காட்டில் அலைந்து திரிந்தது' என்று இருக்கிறது. முதல் தடவை படத்தைக் காட்டி, "ஒரு நரி இருந்துச்சாம். அதுக்குச் சரியான பசி. காடு பூரா சுத்திச்சாம்" என்று சொல்லிவிடுவேன். இரண்டாம் தடவை அதையே சொல்லி, கூடவே புத்தகத்தில் இருப்பதையும் அப்படியே வாசிப்பேன். நாலைந்து தடவைக்குப் பிறகு அச்சில் உள்ளது மட்டும்தான். 'அலைந்து திரிந்தது' என்றால் என்ன என்று அதற்குள் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. நரி அலைவதைத்தான் அவர்கள் பார்த்துவிட்டார்களே.

நாலு வயதுப் பையன் ஒருவன் இந்தக் கதையைக் கேட்ட மறுநாள் சமையலறை வாசலில் நின்று, "அம்மா, நான் பசியோடு அலைந்து திரிகிறேன்" என்றானாம். அவன் அம்மா என்னிடம் புகாராகத்தான் சொன்னாள். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

அதனால் மாற்றிச் சொல்லுங்கள், தப்பே இல்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். எழுத்துத் தமிழ் முதலில் உங்கள் குரலில் அவன் காதில் விழட்டும், கண்ணுக்கு அப்புறம் வரட்டும்.

முதலில் 247 எழுத்தையும் கற்றுக்கொள்ளட்டும், அப்புறம் கதை என்கிறார் என் கணவர். சரியா?

விஜயதசமியன்று அரிசியில் 'அ' எழுதிய கையோடு எல்லா வீட்டிலும் இந்த அவசரம் வந்துவிடுகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தமாகப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் 216 என்பது தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய கூட்டம் கிடையாது. காலும் கொம்பும் விசிறியும் எங்கே சேர்கின்றன என்று பிடிபட்டுவிட்டால் பெரும்பகுதி தானாக வரும். உகர, ஊகார வரிசைகள்தான் வம்பு செய்யும். கு, சு, து மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன, பாருங்கள்.

அதைவிட வேடிக்கை கொம்புதான். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ 'க்' முதலில், 'எ' அப்புறம். 'கொ' என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இடமிருந்து வலமாக வந்துகொண்டிருக்கும் குழந்தை 'கொம்பு' என்பதைக் 'கெம்பு' என்று வாசித்துவிட்டு, பின்னால் காலைப் பார்த்து முழிக்கும். இது முட்டாள்தனம் இல்லை. எழுத்து அப்படி இருக்கிறது.

இன்னும் ஒரு விஷயம். 'கப்பல்', 'தங்கம்', 'மகன்' மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே 'க', மூன்று ஒலி. எந்த இடத்தில் எந்த ஒலி என்று அரிச்சுவடி சொல்லித்தராது, காதுதான் சொல்லித்தரும். நிறையக் கதை கேட்ட பிள்ளை 'தங்கம்' என்பதைத் தப்பாகக் கூட்டினாலும், அப்படி ஒரு சொல் இல்லையே என்று தானே திருத்திக்கொள்ளும். வெறும் எழுத்து தெரிந்த பிள்ளைக்குத் திருத்திக்கொள்ள ஒரு பிடி இருக்காது.

ஆகவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: இரண்டும் சேர்ந்தே போகட்டும். எழுத்தை அவள் பெயரிலிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் பால் பாக்கெட், பேருந்துப் பலகை, கடைப் பெயர். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் முதலில் எழுத்துக்கூட்டி வாசித்த சொல் 'பரோட்டா'.

ஆங்கிலப் புத்தகமா, தமிழ்ப் புத்தகமா?

வீட்டில் எந்த மொழியில் சிரிக்கிறீர்கள், எந்த மொழியில் சண்டை போடுகிறீர்கள்? அதில் ஆரம்பியுங்கள். ஒரு மொழியில் கதை ருசி தெரிந்துவிட்டால் இன்னொன்றுக்குப் போவது சுலபம். ஆங்கிலவழிப் பள்ளியில் படிப்பதால் கதையும் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது வீண் பயம். சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் வரும் படக்கதைகள் போடுகிறது. இரண்டு மொழி வீடுகளுக்கு அவை நல்ல துணை.

இளம் பெற்றோர் சிலருக்கே தமிழ் வாசிக்கத் தடுமாற்றமாக இருக்கிறது, பள்ளியில் இரண்டாம் மொழியாக வேறு எதையோ எடுத்ததால். வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் எழுத்துக் கூட்டுங்கள். அம்மாவும் தடுமாறுகிறாள் என்பதில் குழந்தைக்கு ஒரு பெரிய ஆறுதல்.

எனக்கு வாசிக்கவே தெரியாது, நான் என்ன செய்வது?

இதைக் கேட்டது ஒரு பாட்டி. பேத்தியைக் கூட்டிவருபவர். "நீங்களே ஒரு புத்தகம் எடுங்க பாட்டி" என்று கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். கிணற்றடியில் ஒரு ஆமை, பக்கத்தில் ஒரு சிறுமி. அச்சில் இருந்தது ஏதோ தண்ணீர் சேமிப்புக் கதை. பாட்டி சொன்ன கதையில் ஆமை மாமியார் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு கிளம்பியிருந்தது. பக்கம் திருப்பத் திருப்பக் கதை வளர்ந்தது. பிள்ளைகள் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்கள். என் கதைக்கு ஒரு முறைதான் கேட்டிருந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

படம் இருக்கிறது, வாய் இருக்கிறது. அது போதும். பக்கத்தை மட்டும் பிள்ளை கையால் திருப்ப விடுங்கள்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறான். போரடிக்கிறது.

உங்களுக்குத்தான் போரடிக்கிறது, அவனுக்கு இல்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதுதான் அவனுக்குச் சுகம். ஒரு வார்த்தையை வேண்டுமென்றே மாற்றி வாசித்துப் பாருங்கள், எப்படிச் சண்டைக்கு வருகிறான் என்று தெரியும். கடைசி வார்த்தையை மட்டும் சொல்லாமல் நிறுத்துங்கள், அவன் முடிப்பான்.

கதை முடிந்ததும் நீதி சொல்ல வேண்டாமா?

வேண்டாம். இதில் நான் கொஞ்சம் பிடிவாதம்.

ஆறு வயதுப் பெண் ஒருத்தி முதல்முறை வந்த அன்று, நான் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே கையைத் தூக்கி, "அத்தை, கடைசில நீதி சொல்லணுமா?" என்று கேட்டாள். கதை ஆரம்பிக்கவே இல்லை, அவளுக்குப் பரீட்சை ஆரம்பித்துவிட்டது. 'இதிலிருந்து நாம் அறிவது என்ன' என்று ஒவ்வொரு கதைக்கும் கேட்டுக் கேட்டு, கதையை ஒரு பாடமாக்கி வைத்திருக்கிறோம்.

கேட்பதென்றால் உங்களுக்கே பதில் தெரியாத கேள்வியாகக் கேளுங்கள். "இந்தக் குரங்கு ஏன் திரும்பி வந்திருக்கும்?" "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?" பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். வாசித்தால் சாக்லேட், வாசித்தால் பத்து ரூபாய் என்பதும் எனக்கு உடன்பாடில்லை. சாக்லேட் கொடுக்கும் வேலை என்றால் அது கசப்பான வேலையாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

தினமும் எவ்வளவு நேரம்?

பத்து நிமிடம். படுக்கும் முன்பு என்றால் நல்லது, முடியாவிட்டால் தலை துவட்டும்போது, பள்ளி வேன் வரும் வரை வாசலில், எப்போது தோதோ அப்போது. நடுவில் எழுந்து ஓடினால் ஓடட்டும். விட்ட நாளைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

புத்தகம் விலை அதிகம். எங்கே கிடைக்கும்?

நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள், வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். 1948இல் அன்றைய சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். மேலே சொன்ன ரங்கநாதனுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அந்தச் சட்டத்தின் பலனாகத்தான் சின்ன ஊரில்கூட ஒரு கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருக்கிறது. பிள்ளை பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். தன் பெயர் போட்ட அட்டை என்றால் தனி கௌரவம். ஒரு நூலகத்தில் சிறுவர் நூல்களைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி கேட்டதற்கு, "பசங்க கலைச்சுடுவாங்க" என்றார்கள். அடுத்தடுத்த வாரமும் போய்க் கேட்டோம். மூன்றாவது வாரம் சாவி கிடைத்தது.

சென்னைப் பக்கம் போனால் கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை என்றால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஒரு நாள் முழுக்க அங்கேயே போட்டுவிடலாம்.

வாங்குவதென்றால் நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ் வெளியீடுகள் விலை குறைவு. பிரதம் 2015இல் ஆரம்பித்த 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் ஏராளமான தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக வாசிக்கலாம், இறக்கி அச்சும் எடுத்துக்கொள்ளலாம். நான் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் போட்டு நடுவில் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்துவிடுவேன், வண்ணம் தீட்டும் வேலை பிள்ளைகளுடையது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்றால் 'வாசிப்பு இயக்கம்' வெளியிட்ட சின்னப் புத்தகங்களைப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிநிலையில் பிரித்திருக்கிறார்கள், எளிய தமிழ். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, மற்ற மாதங்களில் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா. ஒரு தொகையைக் கையில் கொடுத்து, பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். டைனோசர் ஸ்டிக்கர் புத்தகத்தைத்தான் எடுப்பான். எடுக்கட்டும்.

தாத்தா வீட்டுப் பரணிலிருந்து பழைய புத்தகம் இறக்கினால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழக அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ணை, னை எல்லாம் யானைத் தும்பிக்கை போல வளைந்த வடிவத்தில் இருக்கும். புதிதாக எழுத்துக் கூட்டும் பிள்ளை குழம்பும். நீங்கள் வாசித்துக் காட்ட ஏற்றவை, அந்தத் தும்பிக்கையைக் காட்டிச் சிரிக்கவும் ஏற்றவை.

செல்போனில் கதை பார்க்கிறாளே, அதுவும் கதைதானே?

கதைதான், வாசிப்பு கிடையாது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. என் கணக்கு அதைவிட எளிது. குழந்தை "ஏன்?" என்று கேட்டால் வீடியோ நிற்காது, நீங்கள் நிற்பீர்கள்.

நம் கையில் இருக்கும் போனையும் பேச வேண்டும். நாம் அதில் நாவலே வாசித்தாலும், பிள்ளையின் கண்ணுக்கு அம்மா போன் பார்க்கிறாள், அவ்வளவுதான். வீட்டில் ஒருவராவது காகிதத்தில் எதையாவது வாசிப்பது தெரியட்டும், காப்பியோடு செய்தித்தாளாவது.

காமிக்ஸ் மட்டும்தான் தொடுகிறான்.

தொடட்டும். சிவகாசியிலிருந்து 1972இல் வர ஆரம்பித்த முத்து காமிக்ஸை பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து வாசித்த தலைமுறைதான் இன்று தாத்தாவாகி "காமிக்ஸ் படிக்காதே" என்கிறது.

ஏழு வயதாகிவிட்டது. இன்னும் ஒவ்வொரு எழுத்தாகத்தான் கூட்டுகிறான். சோம்பேறித்தனமா?

அந்தச் சொல்லை அவன் காதுபடச் சொல்லாதீர்கள். தமிழ் எழுத்து முழுவதும் கைவர இரண்டாம், மூன்றாம் வகுப்புவரை ஆவது சாதாரணம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். போர்டு தெரியாத பிள்ளையை வருடக்கணக்கில் மக்கு என்று திட்டிய வீடு எனக்குத் தெரியும். கடைசியில் ஒரு கண்ணாடியில் தீர்ந்தது.

அதிலும் ஒன்றுமில்லை, ஆனால் நன்றாகப் பேசுகிறான், கேட்ட கதையைப் பிசகாமல் சொல்கிறான், அச்சைக் கண்டால் மட்டும் ஓடுகிறான், நேற்றுக் கற்ற எழுத்து இன்று மறந்துபோகிறது என்றால், டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் சொல்லி, கற்றல் குறைபாட்டை மதிப்பிடத் தெரிந்தவரிடம் போங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இதற்காகவே இயங்குகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரிய சான்று இருந்தால் தேர்வில் சலுகைகளும் உண்டு. அதுவரை அவனுக்குக் கதை வாசித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். அவன் கண் ஒன்றாம் வகுப்பில் நின்றாலும் காது நாலாம் வகுப்புக் கதை கேட்கும்.

தானே வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். இனி நான் வாசிக்க வேண்டாம்தானே?

பலரும் நிறுத்துவது இங்கேதான். தானே வாசிக்கும் புத்தகம் அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் சின்னதாகத்தான் இருக்கும், கேட்டு ரசிக்கும் கதையோ பெரிது. வாசிக்கக் கற்றதற்குத் தண்டனையாக அம்மா மடி போய்விட்டது என்று அவளுக்குத் தோன்றிவிடக் கூடாது. ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவள் என்று மாற்றி மாற்றி வாசியுங்கள். அல்லது கதை நீங்கள் சொல்ல, பேச்சு வரும் இடங்களை அவள் வாசிக்கட்டும்.

'கடைசில நீதி சொல்லணுமா' என்று கேட்டாளே, அவளுக்கு இப்போது எட்டு வயது. போன மாதம் நான் தவளைக் கதை வாசித்துக்கொண்டிருந்தபோது, "அத்தை, தவளைக்குக் குரல் இப்படி இல்லை" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். தொண்டையை அடைத்துக்கொண்டு ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், சின்னதுகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து தவளைப் பக்கங்கள் அவளுடையவை. எனக்கு இப்போது நாரையும் குளமும்தான்.